‘அக்கா’ உதிரும் இடம்: இரண்டு பெண்களின் காதலை நாவலாக எழுதுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் ரேவதி ஒரு டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஓட்டை இல்லை, எண்ணெய்க் கறை இல்லை, தையல் எங்கும் விடவில்லை. ஆனாலும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்துத் தோள்பட்டைத் தையலுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறாள். ஆல்டர் பீஸ், அதாவது தையல் திருத்த வேண்டிய துணி என்று சொல்லிக்கொண்டு இனி ஓவர்லாக் மெஷின் வரிசைக்கு நடக்கலாம். அங்கே பூங்கொடி இருக்கிறாள்.

என் நாவல் உண்மையில் பிறந்தது இந்த ஸ்டிக்கரில்தான். அதற்கு முன் ஏழு மாதம் வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு பெண்கள் கடற்கரையில் உட்கார்ந்து, சமூகம் தங்களை ஏன் ஏற்கவில்லை என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். எழுதியதைத் தோழி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் எப்ப பாக்கப் போறாங்க?” என்று கேட்டாள். அன்று இரவே அந்தக் கோப்பை ஓரமாக வைத்தேன்.

நான் பெண்ணை நேசிக்கும் பெண். இப்படிப்பட்ட காதல் கதைகள் தமிழில் நிறைய வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை. நீங்களும் எழுத உட்கார்ந்திருந்தால், நான் போன வழியை, எங்கே தடுக்கி விழுந்தேன் என்பதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

1. முதலில் இரண்டு பேருக்கும் ஒரு வேலை கொடுங்கள்

காதலைப் பற்றி யோசிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒருத்தி காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாள், கையில் என்ன வாசனை, சம்பளம் எந்தக் கிழமை, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாள்? இதெல்லாம் தெரிந்துவிட்டால் காதல் எங்கே நுழைய இடம் இருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

என் கதைக்குத் திருப்பூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த ஊரின் நேரக் கணக்கு. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவதை அங்கே ஒன்றரை ஷிப்ட் என்பார்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு துவைக்கவும் தூங்கவும். பன்னிரண்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேருக்குத் தனியாகக் கிடைப்பது டீ டைம் மட்டும். அந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துத் தொங்கியே ஆறு அத்தியாயம் எழுதினேன்.

வேலையின் சொற்களைக் காதில் கேட்டு எழுதுங்கள். பவர்டேபிள், கைமடித்தல், அடுக்கிக் கட்டுதல், பிசிர் வெட்டுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு கூலியும் உண்டு. ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே துணியின் ஓரத்தை வெட்டித் தள்ளும் என்பது தெரிந்த பிறகுதான், பூங்கொடியின் காலடியில் நாள் முழுவதும் குவியும் வண்ணத் துணி நாடாக்கள் என் கண்ணுக்குத் தெரிந்தன. ரேவதி அதில் ஒன்றை எடுத்துத் தலைமுடியைக் கட்டிக்கொள்வது அப்படித்தான் வந்தது. உட்கார்ந்து கற்பனை செய்திருந்தால் ரோஜாப்பூ வாங்கிக் கொடுக்க வைத்திருப்பேன்.

2. ஆண்டைத் தீர்மானிக்காமல் ஒரு வரியும் வேண்டாம்

சாதாரணக் காதல் கதையில் ஆண்டு மங்கலாக இருந்தாலும் குடிமுழுகிப் போகாது. இந்தக் கதையில் அப்படி விட முடியாது. கதாபாத்திரங்களின் பயம் எவ்வளவு, காவல் நிலையத்தில் அவர்களுக்கு என்ன நடக்கும் என்பதெல்லாம் ஆண்டைப் பொறுத்து மாறுகின்றன.

ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய, 1860ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் மனமொத்து நேசிப்பது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. 2012ல் நடக்கும் கதைக்கும் 2015ல் நடக்கும் கதைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

ஆனால் பெண்களின் கதையில் 377 நேரடியாக வாசலில் வந்து நிற்பது குறைவு. நிற்பது ‘பெண்ணைக் காணவில்லை’ என்று அப்பா கொடுக்கும் புகார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அதில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் புரியவேண்டும் என்று உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7 அன்று வந்த அவருடைய உத்தரவு, காணவில்லை என்ற புகாரில் தேடப்படுபவர்கள் மனமொத்த வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்கிறது. பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்கும் தடை விதித்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் காவலர் நடத்தை விதிகளில் இதற்கென ஒரு விதி சேர்ந்தது.

என் நாவல் 2022ல் ஆரம்பித்து 2024ல் முடிகிறது. முதல் வரைவில் சப்-இன்ஸ்பெக்டர் ரேவதியைக் கன்னத்தில் அறைவார். பிறகு அந்தக் காட்சியை மாற்றினேன். அவருக்கு விதி தெரியும், அதனால் கையை ஓங்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, “அம்மாவ நெனச்சுப் பாத்தியாம்மா?” என்று மூன்று மணி நேரம் அன்பாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார். அறையைவிட இது எழுதக் கடினமாக இருந்தது. படித்தவர்களில் இரண்டு பேர் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்ததாகச் சொன்னார்கள்.

3. கதையோட்டத்துக்கு அகத்திணையைத் திறந்து பாருங்கள்

வெளிநாட்டு எழுத்துப் பயிற்சிகளில் காதல் கதைக்கென்று சில கட்டங்கள் வைத்திருப்பார்கள்: சந்திப்பு, ஈர்ப்பு, பிரிவு, மறுபடி சேர்தல். அதை வைத்துத் தமிழ்க் கதை எழுதினால் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி யாருக்கும் அதில் இடம் இருக்காது. நம் ஊர்க் காதலில் அவர்கள் இல்லாமல் எது நடக்கும்?

எனக்குக் கைகொடுத்தது களவியல், அதாவது அகத்திணை என்ற பழந்தமிழ்க் காதல் இலக்கணத்தில் மறைவான காதலைச் சொல்லும் பகுதி. தொல்காப்பியம் பேசுவது ஆணும் பெண்ணும் கொள்ளும் காதலைத்தான், அதை மாற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மறைவில் வளரும் ஒரு காதல் என்னென்ன படிகளைக் கடக்கும் என்று அது போட்டுவைத்த வரைபடம், இன்றைக்கு மறைந்து வாழ வேண்டியிருக்கும் இரண்டு பெண்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

யாருக்கும் தெரியாமல் சந்திக்கும் இடம் குறி. பகலில் ஓர் இடம், இரவில் ஓர் இடம். என் கதையில் பகற்குறி கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் அடுக்கிய படிக்கட்டு. இரவுக்குறி லைன் வீட்டின் மொட்டை மாடி. ஊர் வாய் முணுமுணுக்க ஆரம்பிப்பது அலர். வேற்றார் பெண் கேட்டு வருவது நொதுமலர் வரைவு. இன்றைய பேச்சில், வரன் வந்திருக்கிறது. பெண்ணை வெளியே விடாமல் வீட்டில் வைப்பது இற்செறிப்பு; இன்று அதோடு போனும் பிடுங்கப்படும். பிறகு அறத்தொடு நிற்றல்: தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம் (வளர்ப்புத் தாய்), செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்), நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என்று உண்மை ஒவ்வொரு வாயாக ஏறிப் போவது. கடைசியில் உடன்போக்கு: இருவரும் வீட்டை விட்டுச் சேர்ந்து போவது.

இந்தப் பெயர்களை ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ‘இது என் கதையில் யாருடைய வாயில், எந்த இடத்தில் நடக்கும்?’ என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் முப்பத்திரண்டு அத்தியாயங்களும் கண்ணில் தெரிந்தன.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதுவே பெரிய வரமும். பெண்–பெண் காதலில் ‘தோழி’ யார்? வெளியுலகத்துக்கு இருவருமே தோழிகள்தான். இரண்டு பெண்கள் ஒரே பாயில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், கைகோத்துச் சந்தைக்குப் போகலாம்; ஊர் ஒன்றும் சொல்லாது. வீட்டுக்காரம்மா, “ரெண்டு பொம்பளப் புள்ளைங்கதானே” என்று சந்தோஷமாக வீடு கொடுப்பார். ஆணும் பெண்ணும் என்றால் முதல் அத்தியாயத்திலேயே வரும் தடை இங்கே பாதிக் கதை வரை வராது. அலரைக் கிளப்புவது அவர்கள் சேர்ந்திருப்பது அல்ல, ஒருத்தி கல்யாணம் வேண்டாம் என்பதுதான். அந்த ஒரு மறுப்புக்குப் பிறகு, அதுவரை சாதாரணமாகத் தெரிந்த ஒவ்வொரு தொடுதலையும் ஊர் திரும்பிப் போய் எண்ணிப் பார்க்கும். உங்கள் நாவலின் நடுப்பகுதியை அங்கே வையுங்கள்.

4. மொழி: அதிக நாள் பிடிக்கும் வேலை

மூன்று கஷ்டங்கள் வந்தன.

முதலாவது ‘அக்கா’. ரேவதிக்கு 26, பூங்கொடிக்கு 31. கம்பெனியில் ஐந்து வயது மூத்தவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். காதல் வந்த பிறகும் அக்கா என்று எழுதினால் படிப்பவர் நெளிவார். திடீரென்று பெயர் சொல்ல வைத்தால் அது அந்தப் பெண்ணாக இருக்காது. பலமுறை அடித்து எழுதிய பிறகு, நம் வீடுகளில் நடப்பதையே கவனித்தேன். உறவு மாறும்போது நாம் உடனே புதுப் பெயர் வைப்பதில்லை, கூப்பிடுவதையே கொஞ்ச நாள் தவிர்க்கிறோம். புதிதாகக் கல்யாணமான பெண் கணவனை, “இங்க பாருங்க” என்று சொல்லிச் சமாளிப்பாளே, அப்படி.

அதனால் ஐந்தாம் அத்தியாயம் வரை ரேவதி, “அக்கா, இதுல தையல் விட்டிருக்கு” என்கிறாள். பூங்கொடி கொங்குப் பேச்சில், “எங்க விட்டிருக்குது? காட்டு கண்ணு” என்கிறாள். ஆறு, ஏழு, எட்டில் ரேவதி எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெஷின் மேஜையை இரண்டு தட்டு தட்டுகிறாள், இருமுகிறாள், ஸ்டிக்கர் ஒட்டிய துணியை நீட்டுகிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் கரண்ட் போய் மெஷின்களெல்லாம் ஒரே நேரத்தில் அடங்க, இருட்டில் குரல் வருகிறது:

“பூங்கொடி… சாப்ட்டீங்களா?”

பெயர் வந்துவிட்டது, ‘ங்க’ இன்னும் போகவில்லை. அது போக இன்னும் நான்கு அத்தியாயம். கொங்குக்காரியான பூங்கொடிக்குத் தன்னைவிட மூத்தவர் யாரிடம் பேசினாலும் ‘ங்க’ சேர்ப்பது பழக்கம். அவளே ஒருநாள், “என்னைய நீன்னே கூப்புடு, ‘ங்க’ வேண்டாம்” என்கிறாள். தமிழில் காதலைச் சொல்ல இதைவிட வேறு வாக்கியம் எனக்குத் தேவைப்படவில்லை. நாவல் முழுக்க ‘ஐ லவ் யூ’ வராது.

இரண்டாவது கஷ்டம் ‘அவள்’. ஆண்–பெண் கதையில் அவன், அவள் என்று எழுதிக்கொண்டே போகலாம். இங்கே இருவருமே அவள். என் பழைய வரைவில் இப்படி இருந்தது: “அவள் அவள் முடியை ஒதுக்கினாள். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.” யார் யாரை?

இதற்கு மூன்று வழி வைத்துக்கொண்டேன். ஓர் அத்தியாயம் முழுவதும் ஒருத்தியின் கண் வழியாகவே போகவேண்டும். யாருடைய கண்ணோ அவளுக்கு எழுவாயே எழுத வேண்டாம், வினைமுற்று பார்த்துக்கொள்ளும். மற்றவளுக்கு மட்டும் பெயர். அடுத்தது, ‘தன்’. இந்தச் சிறிய சொல் எழுவாயைத்தான் சுட்டும். ‘தன் விரல்’ என்றால் செய்பவளுடையது, ‘அவள் விரல்’ என்றால் மற்றவளுடையது. பேச்சில் தேய்ந்துபோன இந்த வேறுபாட்டை எழுத்தில் கவனமாகக் காத்தால் நெருக்கமான காட்சியில் குழப்பமே வராது. மூன்றாவது, உடம்பைச் சொல்லும் முன் வேலையைச் சொல்வது. திருத்திய வரி:

“ரேவதி கை நீட்டிக் காதோரம் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தாள். பூங்கொடியின் கால் பெடலிலிருந்து தானாக விலகியது. மெஷின் நின்றது.”

பெடலில் கால் வைத்திருப்பவள் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, இந்தக் காதலுக்கு என்ன பெயர்? ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் உறவைப் படுக்கையாக மட்டும் சுருக்கிவிடுகிறது, நான் அதைத் தொடவில்லை. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (குயர்) போன்ற சொற்களை இப்படி வாழ்பவர்களே உருவாக்கிப் புழங்கினார்கள். நீதிமன்றம் கேட்டுக்கொண்டதால் 2022ல் தமிழ்நாடு அரசும் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. முன்னுரையிலும் பின்னட்டையிலும் அந்தச் சொற்களைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் லைன் வீட்டில் இருக்கும் பூங்கொடி அவற்றைச் சொல்ல மாட்டாள். ‘லெஸ்பியன்’ என்ற சொல்லை ரேவதி போனில் தேடுகிறாள், முதலில் வருவதெல்லாம் பார்க்கக் கூசும் படங்கள். தேடிய தடத்தைப் போனிலிருந்து அழிக்கிறாள். அரைப் பக்கத்தில் முடிந்த அந்தக் காட்சிக்குப் பிறகு, நாவலில் பெயர் பற்றிய விவாதமே வைக்கவில்லை.

5. நெருக்கம்

தமிழில் உடலுறுப்புகளுக்கு இருப்பவை பாடப்புத்தகச் சொற்களும் வசைச் சொற்களும்தான். நடுவில் பெரிய பள்ளம். அதைத் தாண்டக் கவிதையில் போய் விழுந்துவிடாதீர்கள். நிலவு, அலை, மலர் எல்லாம் சினிமாப் பாட்டு உழுது போட்ட நிலம். நான் ஒலியையும் வாசனையையும் பிடித்துக்கொண்டேன். மெஷின் ஆயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. லைன் வீட்டுச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்து வீட்டு டிவி சீரியலின் வசனம் இங்கே கேட்கும், இங்கே மூச்சு விட்டால் அங்கே கேட்கும். அதனால் இருவரும் சீரியலின் பின்னணி இசை உயரும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். பகலில் கதவைச் சாத்தினால் சந்தேகம், சாத்தாவிட்டால் எல்லாரும் பார்ப்பார்கள். அந்த ஒரு தாழ்ப்பாளை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

ஒருத்தி கேட்கவேண்டும், மற்றவள் சரி என்று சொல்லவேண்டும். சொல்லாலோ, கையைப் பிடித்து வைத்துக்கொள்வதாலோ, எப்படியானாலும் பக்கத்தில் அது தெரியவேண்டும். வேடிக்கை பார்க்க வருபவருக்காக ஒரு வரிகூட எழுதாதீர்கள். எனக்கு ஒரு சோதனை இருக்கிறது: இந்தக் காட்சியை இப்படி வாழ்ந்த ஒரு பெண் படித்தால் தலையாட்டுவாளா, முகத்தைத் திருப்புவாளா?

6. அம்மாவை வில்லியாக்காதீர்கள்

ரேவதியின் அம்மா தேனிப் பக்கம் நூறுநாள் வேலைக்குப் போகிறவர். மகள் அனுப்பும் பணத்தில் சீட்டுக் கட்டி நகை சேர்க்கிறார். அந்த நகையே அவருடைய அன்பு, மகளுக்கு அதுவே விலங்கு. அவரிடம் நியாயம் இருக்கும்வரைதான் கதைக்கு வலி இருக்கும். உண்மை தெரிந்த அன்று அவர் அழவில்லை. “அப்ப இத என்ன பண்றது?” என்று நகைப்பெட்டியைத்தான் பார்க்கிறார்.

7. முடிவு

காதல் நாவல் என்று பெயர் வைத்தால் அட்டையிலேயே ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டீர்கள்: இவர்கள் நம்பிக்கையோடு சேர்ந்து நிற்பார்கள் என்று. அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் மலிவு விலைப் புத்தகங்களாக இப்படிப்பட்ட கதைகள் லட்சக்கணக்கில் விற்றன. ஆனால் மரிஜேன் மீக்கர் தன் முதல் நாவலை எழுதியபோது, மகிழ்ச்சியான முடிவு கூடாது என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். தபால்துறை ஆபாசம் என்று சொல்லிப் புத்தகக் கட்டுகளைத் தடுத்துவிடும் என்ற பயம். 1952ல் அந்தப் புத்தகம் வந்தபோது ஒருத்திக்கு மனம் பேதலித்தது, மற்றவள் நேசிக்கவே இல்லை என்றாள். அதே ஆண்டில் பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் எழுதிய நாவலில் இரண்டு பெண்களையும் சேர்ந்து வாழும் நம்பிக்கையோடு விட்டார். நன்றி சொல்லி வாசகர் கடிதங்கள் அவருக்குக் குவிந்தன. அந்த நாவல் ஹைஸ்மித் என்ற சொந்தப் பெயரோடு வந்தது 1990ல்தான்.

என் கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாளர் ஒருவர், “யாராவது ஒருத்தி செத்துட்டா அழுத்தமா இருக்கும்” என்றார். தமிழ் நாளிதழில் இரண்டு தோழிகள் ஒன்றாக உயிரை விட்ட செய்தியைச் சின்ன வயதில் படித்துவிட்டுப் பல இரவு தூங்காமல் கிடந்தவள் நான். மறுத்துவிட்டு வந்தேன். வேண்டுமானால் பிரியட்டும், ஊரை விட்டுப் போகட்டும். சாகடிக்காதீர்கள்.

சரி, இங்கே சேர்ந்து வாழ்வது என்றால் என்ன? தாலி, பதிவுத் திருமணம் எதுவும் கிடையாது. இந்தத் திருமணங்களை அங்கீகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சொல்லிவிட்டது. ஆனால் 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், வீட்டார் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவள் துணையோடு போகலாம் என்று விடுவித்து, குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றது. அந்தத் தீர்ப்பு என் கதை முடியும் ஆண்டுக்குப் பின்னால் வந்தது. அதனால் வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு என்று அன்றாடக் காகிதங்களில் மகிழ்ச்சியைத் தேடினேன்.

8. கையை விட்டு அனுப்பும் முன்

உண்மை வாழ்க்கையைக் கேட்டு எழுதினால், கேட்டவரிடமே அந்தப் பக்கங்களைக் காட்டி அனுமதி வாங்குங்கள். ஊர், சாதி, கம்பெனி, அண்ணன் தம்பி எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விவரம், அவரை அவர் வீட்டாரிடம் காட்டிக் கொடுத்துவிடும்.

உங்களுக்கும் புனைபெயர் வேண்டுமென்றால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மின்னூலாகக் கிண்டிலில் போடுவதானால் ஒன்று: இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ என்ற திட்டத்தில் சேரவேண்டும், சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. தொடராக வேறு தளத்தில் எழுதியிருந்தால் முதலில் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பின்னட்டையில் ‘மாறுபட்ட காதல்’, ‘விபரீத உறவு’ என்றெல்லாம் பூசி எழுத யாரையும் விடாதீர்கள். இரண்டு பெண்களின் காதல் கதை என்று எழுதச் சொல்லுங்கள். தேடி வருகிறவளுக்கு அந்தச் சொல்தான் அடையாளம்.

என் கடைசி அத்தியாயம் வங்கியில் நடக்கிறது. தன்பாலீர்ப்புத் துணைகள் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அந்தச் செய்தியை ரேவதி போனில் பூங்கொடிக்குப் படித்துக் காட்டுகிறாள். தீபாவளி போனஸ் வந்த வாரம் இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போகிறார்கள். நாமினி படிவத்தில் பெயர், வயது, முகவரிக்கு நடுவே ‘உறவு, இருந்தால்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பூங்கொடி என்ன எழுதுவாள் என்று எனக்கு ஒரு மாதம் தெரியவில்லை. ‘தோழி’ என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன். ‘தங்கை’ என்று எழுதினேன், ரேவதியின் முகம் போன போக்கைப் பார்த்து அதையும் அடித்தேன். காலியாக விடவும் பார்த்தேன். கடைசியில் பூங்கொடி பேனாவை அழுத்திப் பிடித்து ‘துணை’ என்று எழுதிப் படிவத்தை ஜன்னலுக்குள் நீட்டினாள். உள்ளே இருந்த அம்மா படித்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தார்.

“கையெழுத்து ரெண்டு எடம் விட்டுப்போச்சும்மா,” என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். விட்டுப்போன இரண்டு இடத்திலும் பென்சிலால் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்.